கேரவனுக்குப் பால் காய்ச்சிய கதை

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் எனக்குக் காட்டாத ஊர் இல்லை என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். உண்மைதான். திருவண்ணாமலையில் அவருடைய சித்தி வீட்டுச் சமையலறையைப் பார்த்திருக்கிறேன். சேலத்தில் மாமா வீட்டுச் சமையலறையைப் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுச் சமையலறை கொஞ்சம் விசேஷம், அதில் ஜன்னல் உண்டு. எங்கள் குடும்பத்தில் சுற்றுலா என்றால் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்குவதுதான். லாட்ஜில் தங்கினால், "நாங்க என்னா செத்தா பூட்டோம்?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். வீட்டில் தங்கினாலோ ஆம்பளைகள் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொள்வார்கள், பொம்பளைகள் வெங்காயம் உரிப்போம்.

அதனால் போன காலாண்டு விடுமுறைக்கு முன்னால், "இந்த தபா கேரவன் எடுத்துக்கினு ஏலகிரி போலாம், நாலு நாளு" என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. செல்போனில் வீடியோ காட்டினார். ஏதோ வெளிநாட்டுக் குடும்பம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. வண்டிக்குள்ளேயே படுக்கை, சோபா, குளியலறை, ஏசி. யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். "எங்க வீட்டுக்கு ஏன் வரல" என்று யாரும் கேட்க முடியாது, வீட்டோடு வந்துவிட்டோமே!

"முக்கியமானத நீ பாக்கலியே. உள்ளயே கிச்சன் இருக்குது! உனக்குக் கவலையே இல்லம்மா."

குளிர்ந்த நெஞ்சு அப்படியே பற்றிக்கொண்டு எரிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடியற்காலையில் எழுந்து மூன்று டப்பா கட்டிவிட்டு ஓடி, சாயங்காலம் வந்து மறுபடி அடுப்புமுன் நிற்கிறவள். இத்தனை வருஷம் நான் சமையலறையைத் தேடிப் போனேன். இப்போது அதுவே சக்கரம் கட்டிக்கொண்டு என் பின்னால் வருகிறதாம்.

"இங்க பாருங்க. அந்த அடுப்பை நான் தொட மாட்டேன். நாலு நாளும் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைக்க மாட்டேன். வச்சேன்னா, ஜென்மத்துக்கும் உங்ககூட எங்கயும் வர மாட்டேன்."

"அட, நீ தொடவே வேணாம். பசிச்சா நானே செய்றேன்." சாமி படத்தைப் பார்த்துச் சத்தியமே செய்தார். அவர் பைப்பு, மோட்டார் விற்கும் கடை வைத்திருக்கிறார். அதுவரை அவர் வீட்டில் பற்றவைத்தது ஊதுவத்தி மட்டும்தான்.

கிளம்புகிற நாள் காலையில் சென்னையிலிருந்து வண்டி வந்தது, டிரைவரோடு. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதியை அது ஒன்றே அடைத்துக்கொண்டது. நானும் என் பெண்ணும் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் வந்து சேர்ந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பக்கத்துத் தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். மகனும் மருமகளும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பதால் அந்த வீட்டுச் சமையல் முழுவதும் அண்ணிதான். எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியமும் அவர் சொல்லாமல் நடக்காது. சொன்னபின் நடக்காமலும் போகாது.

உள்ளே ஏறி ஒரு சுற்றுப் பார்த்தார். "அடுப்பு இருக்குது. படுக்க இருக்குது. கக்கூஸ் இருக்குது. அப்ப இது வீடுதானே? பால் காய்ச்சாத வீட்ல எப்பட்றா தம்பி படுப்பீங்க?"

"அக்கா, இது வாடகை வண்டிக்கா."

"வாடகை வூட்டுக்கும் பால் காய்ச்சத்தானே செய்றோம்?"

இத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்த எனக்கே அதில் ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. தம்பி வீட்டுக்குப் பால் காய்ச்சுவது கூடப்பிறந்த பெண்தான் என்பது வழக்கம். ஆகவே அடுப்பு அவர் பாடு, என் சபதத்துக்கு ஆபத்தில்லை என்று நானும் தலையாட்டிவிட்டேன். சனியனைத் தூக்கிப் பனியனுக்குள் போட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

பால் வந்தது, குத்துவிளக்கு வந்தது, வண்டியின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வந்தது. பற்றவைக்கப் போகும்போது அண்ணி நின்றார். "அடுப்பு எந்த மூலையில இருக்குது?"

பார்த்தால் வாயு மூலை. அடுப்பு அக்னி மூலையில் அல்லவா இருக்க வேண்டும்? ஊரில் வாஸ்துவுக்காகச் சுவரை இடித்தவர்கள் உண்டு, கக்கூஸை மாற்றியவர்கள் உண்டு. வீட்டையே திருப்பியவர்கள் நாங்கள்தான். டிரைவர் பாவம், தெருவைவிட்டு வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு மறுமுனை வழியாக உள்ளே வந்தார். எதிரே கோயிலுக்கு வந்த ஆந்திராக்காரர்களின் பஸ் ஒன்று மாட்டிக்கொண்டது. தெருவில் இருந்த இருபது பேரும் "வா வா வா, ஒடி, ஒடி, நிறுத்து" என்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம். அண்ணி நடுத்தெருவில் பால் பாத்திரத்தோடு நின்று, "சீக்கிரம் வாப்பா, ராகு காலம் வந்துடும்" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார்கள். எதை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

கூட்டம் சேர்ந்ததும் அது நிஜமாகவே கிரகப்பிரவேசம் ஆகிவிட்டது. மூலைவீட்டு அம்மா பளபளா பேப்பர் சுற்றிய சுவர்க் கடிகாரம் கொண்டுவந்து நீட்டினார். "அக்கா, நாலு நாள்ல வண்டியத் திருப்பிக் கொடுத்துடுவோம்" என்றேன். "இருக்கட்டும்மா, வெறுங்கையோட எப்படி வர்றது?" என்றார். பால் பொங்கியது. "கிழக்கால பொங்கிச்சு!" என்று அண்ணி கூவினார். கிழக்கே பொங்கி, மேடையில் வழிந்து, நேராக சோபா மெத்தைக்குள் இறங்கியது. சாம்பிராணிப் புகைக்குக் கூரையில் இருந்த மணி வீல் வீலென்று அலறியது. அதையும் மங்கள வாத்தியமாகக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். டிரைவர் மட்டும் ஈரமான மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெத்தை முதல் நாள் பால் வாசனை அடித்தது. அடுத்த நாள் தயிர். அதற்குப் பிறகு அடித்ததற்குப் பெயர் கிடையாது.

எல்லாரும் இறங்கினார்கள். அண்ணி இறங்கவில்லை.

"பால் காய்ச்சினவ மொத ராத்திரி அந்த வீட்ல தங்கணும்டா" என்றார். அப்படி ஒரு வழக்கத்தை நான் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. பார்த்தால் படுக்கைக்கு அடியில் அவருடைய பை, தலையணையோடு, ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "போலாம்பா" என்று டிரைவரிடம் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடிகாரத்தை அவர் தலையில் போட்டிருப்பேன். சொந்தக்காரர் வீடே வேண்டாம் என்று கிளம்பினால், வீட்டுக்குள்ளேயே சொந்தக்காரர்!

வாலாஜா தாண்டியதும் தொடங்கியது. "வெண்டக்கா கொண்டாந்துருக்கேன். நீ சும்மா நாலு வதக்கி ஒரு காரக்கொழம்பு வச்சிட்டீன்னா முடிஞ்சுது."

"நான் அந்த அடுப்பைத் தொட மாட்டேன் அண்ணி."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. நான் லீவுல வந்திருக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை எடுத்து யாரோ உறவுக்காரரிடம், நான் ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "அடுப்ப வச்சிக்கினே ஓட்டல்ல துன்றாங்கம்மா, என்னான்னு சொல்றது" என்று ஒப்பாரி வைத்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். வீட்டுக்காரர் தூங்குகிற மாதிரி நடித்தார்.

ஆம்பூரில் சாப்பிட நிறுத்தினோம். நிறுத்தியதுதான் தாமதம், ஜனம் மொய்த்துவிட்டது. நம் ஊரில் கேரவன் என்றால் உள்ளே நடிகை இருந்தே ஆக வேண்டும். "யாருப்பா உள்ள? ஷூட்டிங்கா?" என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். என்ன சத்தம் என்று அண்ணி கதவைத் திறந்தார், நைட்டிமேல் துண்டும் நெற்றி நிறைய விபூதியுமாக. கூட்டம் ஒரு நொடி யோசித்தது. ஒரு பெண் கத்தினாள்: "ஐயோ, அந்த சீரியல்ல மாமியாரா வர்றவங்கதானே நீங்க?"

இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார் என்று நினைத்தேன். அண்ணி துண்டைச் சரிசெய்துகொண்டு, "ஆமாம்மா" என்றார்.

பதினோரு செல்ஃபி. "ஏன்மா அந்த மருமவள அவ்ளோ கொடும பண்றீங்க?" என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, "அவ அடுப்பாண்ட போ மாட்றாப்பா, நான் என்னா செய்யட்டும்?" என்று என்னைக் கைகாட்டினார். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்து 'ச்சே' என்றது. என் பெண் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கோபமாக இருந்த எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. அதன்பிறகு அண்ணி காலையில் பவுடர் போட்டுக்கொண்டுதான் வண்டிக் கதவைத் திறந்தார். 'மொத ராத்திரி' முடிந்தும் இறங்குகிற பேச்சே இல்லை.

இரண்டு நாள் ஓட்டல் சாப்பாட்டில் நிம்மதியாக ஓடியது. மூன்றாம் நாள் காலையில் ஏலகிரியில் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. நாங்கள் நிறுத்தியிருந்த மைதானத்தில் எதிரே இருந்த மரம் தெரியவில்லை. ஓட்டலிலிருந்து டிபன் கொண்டுவருகிற ஆள் வரவில்லை. டிரைவர் முன்சீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கினார். ஒன்பது மணிக்குப் பிஸ்கட் தீர்ந்தது. பத்து மணிக்கு என் பெண், "அம்மா, பசிக்குதும்மா" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சின்ன வண்டிக்குள் நாலு பேர், ஒரு அடுப்பு, அண்ணி கொண்டுவந்திருந்த ஒரு பை ரவை. நான் ஜன்னலைப் பார்த்தேன். சபதமாவது ஒன்றாவது, பெற்ற பிள்ளை பசிக்கிறது என்கிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், இன்று எழுந்தால் இனி சாகும்வரை எழுந்துகொண்டேதான் இருக்க வேண்டும் என்றும் தெரிந்தது.

அண்ணி பெருமூச்சுவிட்டு எழுந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "சரி, நானே செய்றேன். நமக்கு இன்னா புதுசா?"

எனக்குச் சுருக்கென்றது. என்னைக் குத்தத்தான் சொன்னார், சந்தேகமில்லை. ஆனால் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பொய்யாக ஒரு வழக்கத்தைச் சொல்லி, பையை ஒளித்துவைத்து ஏறி வந்தவர், இதற்காகவா வந்தார்?

"அண்ணி, உக்காருங்க," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நீங்களும் லீவுலதான் வந்திருக்கீங்க."

அவர் அப்படியே நின்றார். "நானும் ஒக்காந்துட்டா, யாரும்மா செய்வா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

நாங்கள் மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் மழையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் எழுந்து கைலியை மடித்துக் கட்டினார்.

அந்த உப்புமாவை எப்படிச் சொல்வேன்! ரவையை வறுக்கவில்லை. கடுகு வெடிக்குமுன் வெங்காயத்தைக் கொட்டினார், அதுவும் பாதி தோலோடு. மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை, குடத்தைச் சாய்த்துவிட்டது. அது கஞ்சியானதும் பயந்துபோய் மிச்ச ரவையையும் போட்டார். உப்பைப் போட்டோமா என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறையும் போட்டார். கூரை மணி அலறியது. என் கை பரபரத்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் பார்த்தால் அண்ணியும் கையைக் கட்டிக்கொண்டு பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

முதல் தட்டை அவர் அக்காவிடம்தான் கொடுத்தார். ஆவி பறந்தது. அண்ணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய். தட்டு காலியாகும்வரை தலை நிமிரவில்லை.

"கட்டி கட்டியா இருக்குது," என்றார். "உப்பு கரிக்குது. ரவ வேவல. மனுசன் துன்னுவானா இத?"

என் வீட்டுக்காரர் கரண்டியோடு தலையைத் தொங்கப்போட்டார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல், தட்டை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடு."