தந்திக்காரர் வீட்டு ரேடியோ

என் வீட்டுக்காரர் தென்காசித் தந்தி ஆபீஸில் தந்தி அடித்தவர். யார் வீட்டில் சாவு, யாருக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் அவர் காது வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. மேஜை மேல் இருக்கும் சவுண்டர் என்ற பித்தளைக் கருவி, வருகிற சேதியை 'டக் டக்' என்று தட்டும். சத்தம் கணீரென்று கேட்க அதன் பின்னால் காலி சிகரெட் டின் ஒன்றைச் செருகியிருப்பார்கள். பக்கத்தில் நாலு பேர் சண்டை போட்டாலும் அவர் பேனா நிற்காது. அந்தத் தெம்பில்தான், அறுபதுகளின் நடுவில், வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு ரேடியோவில் பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுக்கப் போவதாகச் சொன்னார். மதராஸில் நடக்கும் தேர்வில் தந்தியில் அடிக்கிற அதே மோர்ஸ் குறியீடு உண்டு, அது தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றார்.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். சோறு வடித்துத் துணி அலசிவிட்டால் செய்ய ஒன்றும் இருக்காது. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பேன். என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று மாமியார் சொல்லிக் காட்டுவார்.

அவர் வால்வும் கம்பிச்சுருளும் சேர்த்து ரிசீவர் கட்டினார். ஏரியலுக்காகக் கொல்லையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே செம்புக் கம்பி இழுத்தோம். ஆனிக் காற்றில் மரம் ஆடி ஆடிக் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. ஒரு முனையை இறுக்கிக் கட்டாமல் கிணற்றுக் கப்பியில் போட்டுச் செங்கல்லைத் தொங்கவிடலாமே என்று நான்தான் சொன்னேன். பிறகு அறுந்துபோகவில்லை.

ரிசீவரில் முதன்முதலாக மோர்ஸ் கேட்டபோது அவர் முகம் செத்துப்போனது. அதில் தட்டலே இல்லை, நீளமாகவும் குட்டையாகவும் விசில்தான். சவுண்டரில் இரண்டு தட்டலுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேட்டுப் பழகிய காது அது. விசில் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சும்மா விடுவாரா? ரிசீவரோடு ஒரு பழைய சவுண்டரைக் கோத்து, விசிலைத் தட்டலாக மாற்றப் பார்த்தார். மலைப்பக்கம் மின்னல் வெட்டும்போதெல்லாம் அது தானாகக் கடகடவென்று தட்டித் தீர்த்தது. தேர்வில் ஹெட்போன்தான் தருவார்கள், சவுண்டர் தரமாட்டார்கள் என்றேன்.

பிறகு வழியில்லாமல், மோர்ஸ் கீயை அழுத்தினால் விசில் அடிக்கும் பெட்டி ஒன்று செய்தார். பேப்பரைப் பார்த்து நான் அடிக்க, அவர் அடுத்த அறையில் எழுத வேண்டும். எழுத்து அட்டவணையை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்துப் படித்தேன். சீக்கிரமே கை வந்துவிட்டது. ஐந்தருவியில் குளிக்க நிற்கும்போதும் விரல் தொடையில் அடித்துக்கொண்டே இருக்கும். அவர் வேலைக்குப் போனதும் ரிசீவரைப் போட்டு, எங்கெங்கோ இருந்து மோர்ஸில் பேசுகிறவர்களைக் கேட்பேன். விசிலுக்கு முன்னால் எனக்கு வேறு பழக்கம் கிடையாது, அதுதான் வசதி. ஆனால் கேட்கக் கேட்க எரிச்சல் ஏறியது. அத்தனை பேரும் பேசுகிறார்கள், லைசென்ஸ் இல்லாமல் நான் பதில் சொல்லக் கூடாது. எனக்குப் பேச வேண்டும் போலிருந்தது.

அவரோ ஒரு எழுத்து விட்டுப்போனால் அதையே துரத்துவார். அதற்குள் அடுத்த வார்த்தையே போய்விடும்.

"விட்டத விட்டுட்டு அடுத்ததப் புடிங்க" என்றேன்.

நான் அடிப்பதுதான் சரியில்லை என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் நானும் தேர்வு எழுதுகிறேன், எனக்கும் சேர்த்து விண்ணப்பம் போடுங்கள் என்றேன். பொம்பளைக்கு எதற்கு என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் அப்படிக் கேட்கவில்லை, சேர்த்தே போட்டார். அதற்காக அவரை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

மதராஸில் நான் பாஸ். அவர் மோர்ஸில் கோட்டைவிட்டார். தென்காசி வரும்வரை ரயில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இனி, பதில் அனுப்புவதற்கான டிரான்ஸ்மிட்டர் கட்டமாட்டார் என்று உள்ளுக்குள் தவித்தேன். ஆனால் லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் கட்டி முடித்திருந்தார். சட்டப்படி கீயைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி.

சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் கீ முன்னால் உட்கார்ந்து, கேட்கிறவர் யாராவது பதில் சொல்லுங்கள் என்று அழைத்தேன். அவர் பின்னால் நின்றார். கீ மேஜையில் தட்டுகிற சத்தத்தை வைத்தே நான் அடிப்பதை எழுத்தெழுத்தாக முணுமுணுத்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் விசிலாகப் பதில் வந்தது, கொழும்பிலிருந்து ஒருவர். முணுமுணுப்பு நின்றது.

"அவன் என்ன சொல்லுதான்?" என்றார்.

ஊருக்கே சேதி சொன்ன மனுஷன் என்னிடம் கேட்டார்.

"நம்ம செட்டு சத்தம் ரொம்பச் சுத்தமா இருக்காம். யாரு கட்டுனதுன்னு கேக்காரு."

"நீ என்ன சொல்லப்போற?"

கீயில் கை வைத்து, கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத அவர் பெயரை அடித்தேன். மறுபடி முணுமுணுக்கத் தொடங்கியவர், இரண்டாம் எழுத்திலேயே நிறுத்திவிட்டார்.