மாப்பிள்ளைக்கு உருமா

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை தலையில் துண்டைக் கட்டினால் அதற்குப் பெயர் உருமா. வயலில் வெயிலுக்குக் கட்டுவதும் உருமாதான், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கட்டுவதும் உருமாதான். ஏழு வயதில் எனக்கு இந்த இரண்டைத்தான் தெரியும். மூன்றாவதாக ஒன்று இருப்பதை யாரும் எனக்குச் சொல்லிவைக்கவில்லை. அதனால் வந்த வினைதான் இது.

கல்யாண உருமாவைப் பற்றி எனக்குப் பெரிய ஞானமே இருந்தது. அந்த வருடம்தான் குடவாசல் மண்டபத்தில் சித்தப்பா கல்யாணத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். பெண்ணின் அண்ணன் வந்து சித்தப்பா தலையில் சரிகைத் துண்டைக் கட்டினார். சாயங்காலமே சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆகவே உருமா கட்டினால் வீட்டுக்கு ஒரு பெண் வரும் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

தை மாதம், அறுப்பு மெஷின் எங்கள் வயலில் இறங்கிய சமயம், தாத்தா இறந்துபோனார். பேரன் பேத்தி எல்லாம் பார்த்த பழுத்த கிழவர். வந்தவர்கள் எல்லாரும், "கல்யாணச் சாவுங்க, இதுக்குப் போயி அழுவக்கூடாது" என்றே சொன்னார்கள். கொட்டும் வெடியுமாகத்தான் அவரைக் கொண்டுபோனார்கள். அப்பாவும் அழவில்லை. பந்தல்காரர், சமையல்காரர், மெஷின் டிரைவர் என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. சாவுக்குள் கல்யாணம் எப்படி நுழைந்தது என்று நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கருமாதியன்று காலை அப்பா மொட்டை போட்டு, புது வேட்டியில் வந்து உட்கார்ந்தார். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஜவுளிக்கடைப் பையும் கையுமாக வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாகப் பந்தலில் நின்று குரல் கொடுத்தார்.

"நேரமாவுதுல்ல, மாப்ளைய வரச்சொல்லுங்க. உருமாவக் கட்டிடுவோம்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்தல் இருக்கிறது, விருந்து இருக்கிறது, மாப்பிள்ளை என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். அதிலும் உருமா கட்டப்போவது அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்! அடுப்படிக்கு ஓடினேன். அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா அப்பாவுக்கு உருமா கட்டப்போறாங்க!"

"ஆமாடி, எங்க பொறந்த வீட்டு மொறதான் அது. தள்ளிப் போ, எண்ண தெறிக்கும்."

இப்படி ஒரு வெகுளியைப் பெற்ற தாயாக வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? நேரே பந்தலுக்குப் போய், பையிலிருந்த துண்டை உருவி என் தலையில் சுற்றிக்கொண்டேன். வாசலில் நின்ற டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மாமா கெஞ்சினார், சித்தப்பா அதட்டினார். நான் ஸ்டியரிங்கை விடவில்லை. கடைசியில் அப்பாவே எழுந்து வந்தார்.

"அதக் குடுத்துடும்மா, எல்லாரும் காத்திருக்காங்க பாரு."

"மாட்டேன். நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா அம்மா எங்க போவாங்க?"

பந்தலே சிரித்தது. மாமாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தாத்தா போனதிலிருந்து சிரிக்காத அப்பாவும் சிரித்தார்.

"ஒங்கம்மா ஒருத்தியே போதும் சாமி" என்று என்னைத் தூக்கி இறக்கினார். எனக்கு அந்த வாக்குறுதி போதும். துண்டைக் கொடுத்துவிட்டேன்.

மாமா கட்டக் கட்ட, மொட்டைத் தலையில் துண்டு வழுக்கியது. அதற்கும் ஒரு சிரிப்பு. ஒருவழியாகக் கட்டி முடித்து, "இனிமே இந்த வீட்டுக்குப் பெரியவரு நீங்கதான் மாப்ள" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே துண்டின் முனையை இழுத்துக் கண்ணைத் துடைத்தார். இழுத்ததில் கட்டு அவிழ்ந்துவிட்டது. அவிழ்ந்த துண்டை முகத்தில் வைத்து மூடியபடி வெகுநேரம் நின்றார். மாமா காத்திருந்து மறுபடியும் கட்டிவிட்டார்.

எங்கள் அப்பாவைக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிக்கவைத்தவள் நான் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

இப்போது ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே கைக்குட்டையை ரூமால் என்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள் அதற்கு விளக்கம் சொன்னார். பாரசீகத்தில் ரூ என்றால் முகமாம், மால் என்றால் துடைப்பதாம். எங்கள் ஊர் நிலவரிக் கணக்கில் பசலியும் ஜமாபந்தியும் வந்த வழியிலேதான் உருமாவும் வந்திருக்கிறது. முகம் துடைக்க வந்த துணியை நாங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டோம்.

அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்லவேளையா அன்னைக்கு நீ எல்லாரையும் சிரிக்க வச்ச. இல்லன்னா அத்தன பேருக்கு முன்னால நான் எப்புடித் தொடைச்சிருப்பேன்?" என்றார்.