அத்தையின் ஏற்புரை

நான் இதுவரை ஒரு புத்தகமும் எழுதியதில்லை. ஆனால் புத்தக வெளியீட்டில் நூலாசிரியர் கடைசியாகப் பேசும் ஏற்புரை மட்டும் எனக்கு மனப்பாடம். தேநீருக்குக் கேத்திலில் தண்ணீர் வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று பேசிப் பார்ப்பேன். கேத்தில் பொறுமையாகக் கேட்கும். கடைசியில் வரும் ஒரு பெயரை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

உரை என்னுடையதல்ல, அத்தையுடையது. அத்தை இறந்து சில வருடங்களாகின்றன.

இரண்டாயிரங்களின் நடுவில் லண்டன் கிங்ஸ்பரியில், மாமா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தோம். மாமா யாழ்ப்பாணம், அவர் மனைவி நாகர்கோவில். எங்கள் முறைப்படி அவர் எனக்கு மாமி. அந்தச் சொல்லைக் கேட்டாலே தன் மாமியார் ஞாபகம் வருகிறதென்று அத்தையாக மாற்றிக்கொண்டார்.

முந்திரி ஆலைப் பெண்களைப் பற்றி அத்தை எழுதிய ஒரே நாவல் சென்னையில் அச்சாகி வந்தது. பள்ளி மண்டபமொன்றில் வெளியீடு. அதற்கு முன் பல நாட்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி உரையைச் சொல்லிப் பார்த்தார். கொட்டை உடைத்துக் கறுத்துப்போன தன் அம்மாவின் கைகளில் அது தொடங்கும். அம்மாவின் பெயரில் முடியும்.

"அந்தப் பேர ஒரு சபையில சொல்லணும் மக்ளே. கூலி வாங்கக் கூப்பிட்டதுக்குப் பெறவு யாரும் சத்தமா சொன்னதில்ல."

வெளியீட்டு நாளில் வாழ்த்துரை, ஆய்வுரை, இன்னுமோர் ஆய்வுரை. நாவலைப் படிக்காதவர்களே நீளமாகப் பேசினார்கள். படித்தவர்களுக்குத் தயக்கம் இருந்திருக்கும். தலைமை வகித்த மாமா, அத்தையை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து தொடங்கினார். கதை லண்டன் வந்து சேருமுன் மண்டபக் காவலர் சாவிக்கொத்தோடு வந்துவிட்டார். பின்வரிசை விளக்குகள் அணைந்தன. அத்தை ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி" என்றார். நன்றாகக் கை தட்டினார்கள்.

திரும்பும்போது காரில், போர்த்திய பொன்னாடையை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார். உரையைத்தான் என்னிடம் முழுவதும் சொல்லியாயிற்றே, இனி என்ன குறை என்று நினைத்தேன். மாமா கண்ணாடியில் பார்த்துச் சொன்னதும் அன்று எனக்கு முழு நியாயமாகவே பட்டது.

"இப்ப என்னத்துக்கு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்? இவ்வளவு நேரமும் உம்மைப் பற்றித்தானே கதைச்சனாங்கள்."