கவிழ்த்து வைத்த கல்

எங்கள் தோட்டத்து வேதக்கோயிலுக்கு மூன்று படிகள் இருந்தன. நடுப்படியில் நாங்கள் யாரும் கால் வைப்பதில்லை. சிறுவயதில் ஒருமுறை வைத்தபோது அம்மா முதுகில் அறைந்தார். காரணம் கேட்டேன். தனக்கும் அப்படித்தான் அறை விழுந்தது என்றார். தெஹியோவிட்டைக்கு மேலே, ரப்பர் மலையில் உள்ள அந்தத் தோட்டத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நான்கே வீடுகள். மற்ற லய வீடுகள் எல்லாம் முனியாண்டியைக் கும்பிடுபவை.

அந்த முனிக்கு உருவம் இல்லை. மரத்தடியில் வெறும் மேடை மட்டும்தான். முன்னொரு காலத்தில் சாமி கோபித்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டாராம். அந்த வருடமே பேதி கண்டு பிள்ளைகள் செத்தார்களாம். இன்றும் ஆடித் திருவிழாவின் முதல் நாள் எல்லோரும் ஆற்றோரம் நின்று "திரும்பி வாய்யா" என்று கூப்பிடுவார்கள். முதல் குரல் கொத்துவேலை செய்யும் மேசன் மாமாவுடையது. முனி கோயில் கமிட்டித் தலைவர், அடுத்த லயத்துக்காரர். இரத்த உறவில்லை என்றாலும் எனக்கு அவர் மாமா, அம்மாவுக்கு அண்ணன்.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு, தோட்டங்களுக்கு வந்த ஆரம்பகாலப் புரட்டஸ்தாந்து பாதிரிமார் எழுதிய அறிக்கைகளின் நடை பற்றியது. கொழும்பில் ஒரு நூலகத்தில் அப்படியோர் அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தோட்டத்தின் பெயர் வந்தது. ஞானஸ்நானம் பெற்ற நான்கு குடும்பத்தார், தாங்கள் வணங்கிய கல்லை ஊராருக்குத் தெரியாமல் தாமே தூக்கிவந்து, உள்ளே வருபவர் அனைவரும் மிதிக்கும்படி கோயிற்படியாகக் கவிழ்த்து வைத்தார்கள் என்று பாதிரியார் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். கீழே நான்கு பெயர்கள் இருந்தன. முதற்பெயர் அம்மாவின் முப்பாட்டனுடையது. அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தேன்.

ஒரு வருடத்துக்கு முன், ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிய சிறு வாய்த்தகராறுக்கே எங்கள் கூரைத் தகரத்தில் கற்கள் விழுந்தன. இது தெரிந்தால் என்ன விழும் என்று எண்ணிப் பார்க்கவும் நான் துணியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

விடுமுறைக்கு வீடு வந்த சனிக்கிழமை காலை, வேதக்கோயில் வாசலில் மாமா கல் நெம்பும் அலவாங்குடன் நின்றார். ஏற முடியாத வயதானவர்களுக்காகப் படிகளை எடுத்துவிட்டுச் சரிவுப் பாதை போடும் வேலையை, எங்கள் சபையார் அவரிடமே கொடுத்திருந்தார்கள். மேல்படி ஏற்கெனவே உடைந்து கிடந்தது.

"என்னா தங்கச்சி, ஒங்க ஆண்டவருக்குப் படியேற முடியலையா?" என்றார் மாமா.

"எங்க ஆண்டவரு எடத்துலதாண்ணே இருக்காரு. ஒங்க சாமி மாதிரி கோவிச்சுக்கிட்டா ஓடிட்டாரு?" என்றார் அம்மா, விளக்குமாற்றை நிறுத்தாமல்.

மாமாவோடு வேலை செய்த சிங்களவர் நடுப்படியைக் காட்டி, "பாஸ், மேக்க கடமுத?" என்று கேட்டார். உடைக்கவேண்டாம், நல்ல கல், புரட்டி எடுக்கலாம் என்று சிங்களத்திலேயே சொல்லி, மாமா அவரை பிளேன்டி குடித்துவர அனுப்பினார்.

நிறுத்தச் சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் காரணமும் சொல்லவேண்டும். அந்தத் தயக்கத்திலேயே அலவாங்கு இறங்கிவிட்டது.

கல் புரண்டது. சிவப்பு மண் அப்பியிருந்தது. மாமா கையால் துடைத்தார். முதலில் சூலத்தின் ஒரு முனை தெரிந்தது, பிறகு மூன்றும் தெரிந்தன. அம்மாவின் விளக்குமாறு நின்றது. ஆற்றின் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அதுவரை நான் அறிந்ததில்லை.

மாமா எங்களைப் பார்க்கவில்லை. வெற்றுச் சீமெந்துப் பையை எடுத்துக் கல்லின்மேல் போர்த்தினார்.

"இதுல ஏறித்தான் உள்ள போனீங்களா தங்கச்சி?"

"தாண்டித்தாண்ணே போவோம். கால் வச்சா அடி விழும். ஏன்னு எங்கம்மாவும் சொன்னதில்ல." அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டார். "புள்ளைங்க மேல சத்தியம்."

தேநீர் குடிக்கப் போனவர் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் மாமா கல்லைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, மூன்றாம் படியை இடிக்கத் தொடங்கினார்.

மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அம்மா கொண்டுவந்த தேநீரையும் தொடவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"நீ படிக்கிற புள்ள. வெள்ளக்காரப் பாதிரிங்க எழுதினதெல்லாம் பாக்குறேன்னு அம்மா சொன்னிச்சு. இந்தக் கல்லப்பத்தி எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

அவரே தொடர்ந்தார்.

"எழுதலைன்னா, ஆத்துல கெடச்சுதுன்னு சொல்லிருவேன். வந்துட்டாருன்னு சனம் சந்தோசப்படும், ஒங்க பக்கம் ஒருத்தனும் திரும்ப மாட்டான். எழுதியிருந்து பின்னாடி வெளிய வந்துச்சுன்னா, நானும் பொய்யன். அப்ப இந்த நாலு வீட்டையும் என்னால காப்பாத்த முடியாது. யோசிச்சுச் சொல்லு."

மேசைமேல் கிடந்த என் கைபேசியை அம்மா பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

"இல்லைங்க மாமா," என்றேன்.

இந்த ஆடியில் கல் ஆற்றிலிருந்து மேளத்தோடு மேடைக்கு வந்தது. மாமா அழுதார், அந்த அழுகை பொய்யில்லை. எங்கள் வீடுகளுக்கும் பொங்கல் கொடுத்தனுப்பினார்கள். படத்தை நான் அழித்துவிட்டேன். ஆய்வில் அந்த அறிக்கை இடம்பெறாது. எதிர்பார்த்த அளவு பயன்படவில்லை என்று விரிவுரையாளரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த அறிக்கை கொழும்பு நூலகத்தில் அதே தட்டில்தான் இருக்கிறது. படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால், யார் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.