பச்சைப் பக்கத்து மொட்டு

ஒட்டுக்காரர் கை வைத்த ஆரஞ்சுக் கன்று பட்டுப்போனதாகச் சரித்திரமே இல்லை. இது அவர் வாயால் அவரே சொல்லிக்கொள்வது. கேட்பவர்கள் தலையாட்டியாக வேண்டும். நல்ல தாய்மரத்து மொட்டைப் பட்டையோடு சீவி, கன்றின் பட்டைக்குள் செருகி, நாடாவால் இறுக்கிக் கட்டுவார். தங்கை தோட்டத்துக்கு அத்தனை கன்றும் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்தவைதான்.

காய்க்கிற வயதில் அவை மானத்தை வாங்கின. இலையெல்லாம் திட்டுத் திட்டாய் மஞ்சள். காய் கோணிக்கொண்டு, வாயில் வைக்க முடியாத கசப்பு. ஒட்டுக்காரர் பழியைத் தூக்கித் தங்கை கணவன் தலையில் போட்டார்.

"உரம் வைக்கத் துப்பில்லாதவனுக்குத் தோட்டம் ஒரு கேடா!"

அவன் எதிர்த்துப் பேசினால் 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்று சொல்லத் தயாராக வைத்திருந்தார். அவனோ உரக்கடைக்குக் கிளம்பிவிட்டான். அண்ணன் சொன்னால் வேதவாக்கு என்று தங்கையும் புருஷனைக் கரித்துக் கொட்டினாள்.

பிறகு பயிர்நோய் பார்க்கும் அதிகாரியம்மா ஒட்டுக்காரரின் தாய்மரத்தடிக்கே வந்தாள். முன்பு அதில் ஒரு கிளை மஞ்சளானபோது ஒட்டுக்காரர் அதை வெட்டி எறிந்துவிட்டு, பச்சைப் பக்கத்தில் மொட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். மஞ்சளை வெட்டு, பச்சையில் எடு. தொழிலில் எல்லோரும் அப்படித்தான். அவள் பச்சைப் பக்கத்து வேரைத் தோண்டி எடுத்துப் போனாள். சோதனை முடிவோடு திரும்பி வந்தாள்.

"சாறு குடிக்கிற பூச்சி கிருமியை உள்ள விட்டுடுதுங்க. இலை செஞ்ச சாப்பாடு பட்டைக்குள்ள இறங்குற வழியாவே அதுவும் வேருக்கு இறங்கிடும். அங்கேருந்து மரம் பூரா பரவும். இலை மஞ்சளாகுறது கடைசியிலதான்."

"அப்ப நான் எடுத்த மொட்டு?"

"அதுலயும் இருந்திருக்கும்."

ஒட்டுக்காரர் நேரே தங்கை தோட்டத்துக்குப் போனார். அவள் கணவன் மரங்களை அறுத்துக்கொண்டிருந்தான். இவர் வாயெடுப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"புதுசா வைக்கிற கன்னுக்கும் நீயே கட்டிக் குடுண்ணே. இந்த மனுஷன் கையில விடாம நானே பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு விறகு அடுக்கப் போனாள். கணவன் ரம்பத்தை நிறுத்தினான்.

"அந்தம்மா முதல்ல இங்கதான் வந்தாங்க மச்சான். எங்கேருந்து வந்த நோய்னு எனக்குத் தெரியும். உங்க தங்கச்சிகிட்ட சொல்லல. தோட்டந்தான் போச்சு, அவளுக்கு அண்ணனாவது மிஞ்சட்டும்."

தங்கை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள். ஒட்டுக்காரர் கூப்பிடவில்லை.