பன்னிரண்டு கணினியும் நான் கொடுத்த பட்டியலும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் தகரத்தை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் தகரக் கழிவு பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கழிவு பெருக்கிய அந்தக் கையால் கட்டியதைச் சொல்கிறேன். பழைய இரும்புக்குப் போக இருந்த பவர் பிரஸ்ஸை வாங்கிப் பிரித்துப் போட்டு மூன்று மாதத்தில் ஓட வைத்தேன். ஓடாது என்று சொன்னவர்களே பிறகு என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள். சொந்த ஷெட் போட்டேன். வெள்ளத்தில் மோட்டார் அத்தனையும் முழுகியது. நானே உட்கார்ந்து கம்பிச் சுருள் கட்டி மறுபடி சுற்ற வைத்தேன். பட்டாபிராமில் மாடி வீடு கட்டினேன். இத்தனை வருடத்தில் என் ஷெட்டில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. பிரஸ் ஷாப்பை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியும். கடைசியாகக் கட்டியதுதான் இந்தப் பள்ளியின் கணினி அறை.

அந்த அறை வந்த கதையை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி பள்ளி ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் வேலையை விட்டு அனுப்பப்பட்ட கணினி டீச்சரை விட்டுவிட்டு அந்தக் கதையை எழுத முடியாது. அவர் பேர் கெட்டதற்குக் காரணம் நான். படிக்காதவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

பன்னிரண்டு கணினிகளும் வந்த இரண்டாம் மாதமே புகார் வந்தது. பையன்கள் சிலர் வேண்டாத படங்களைத் தேடுகிறார்கள் என்று ஒரு பெற்றோர் தலைமை ஆசிரியையிடம் வந்து கத்திவிட்டுப் போனார். நான் வாங்கிக் கொடுத்த கணினியில் இப்படியா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கணினி டீச்சர் தொகுப்பூதியத்தில் இருந்த சின்ன வயதுப் பெண், ஆவடியிலிருந்து ரயிலில் வருவார். பதறாமல் ஒரு வழி சொன்னார். தேடுகிற வார்த்தை திரையில் ஜன்னலின் மேல்பட்டையில் தெரியுமாம். பத்துப் பதினைந்து வரியில் ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன நிரல் எழுதினால், அது இரண்டு விநாடிக்கு ஒரு தரம் அந்தப் பட்டையைப் படித்து, நாம் கொடுக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கெட்ட வார்த்தை இருந்தால் அந்த ஜன்னலை மட்டும் மூடிவிடும். எழுதி ஓட்டியும் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது.

நான் அத்தோடு விட்டிருக்க வேண்டும். என் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மெஷினில் ஆள் தப்பு செய்தால் சிவப்புப் பட்டனைத் தட்டுவேன். மொத்த லைனும் நிற்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தப்பு செய்தவன் எழுந்து நின்று என்ன செய்தான் என்று சொல்ல வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்தே ஒருவனும் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு பிரஸ்ஸில் கை வைக்க மாட்டான். விரல் போகாததன் ரகசியம் அதுதான். அதையே இங்கேயும் வைக்கச் சொன்னேன். ஒரு கணினியில் வார்த்தை மாட்டினால் பன்னிரண்டும் அணைய வேண்டும், எந்த நம்பர் என்று டீச்சர் திரையில் வர வேண்டும். பிள்ளைகள் செய்துகொண்டிருக்கும் பாடமும் சேர்ந்து போய்விடும் என்று டீச்சர் தயங்கினார். நான் கேட்கவில்லை.

பட்டியலையும் நானே போட்டேன். டீ நேரத்தில் ஷெட்டில் உட்கார்ந்து ஆட்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிச் சிரித்தார்கள். “அண்ணாத்தே, உனக்கே இவ்ளோ தெரியும்னா எங்கள ஏன் கேக்குற?” என்றான் ஒரு ஆபரேட்டர். உடம்பில் மறைக்கிற இடம் ஒன்றையும் விடவில்லை. தமிழில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பார்களே, அதையும் சேர்த்தேன். அந்தப் புத்தி யாருக்கு வரும் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

டீச்சர் பட்டியலைப் படித்துவிட்டு, “சார், இதுல பாதி பத்தாவது சயின்ஸ் புக்லயே இருக்கு சார்,” என்றார்.

“புக்ல கீதுன்னா புக்ல படிக்கட்டும் டீச்சர். மெஷின்ல இன்னாத்துக்கு?” என்றேன்.

மூன்று தரம் வந்து கேட்டார். மூன்று தரமும் இதே பதில்தான்.

ஒரு நாள் என் ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, பத்தாம் வகுப்பின் கணினி வேளையில் போய் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பன்னிரண்டு திரையும் ஒன்றாக இருண்டன. ஏழாம் நம்பர். ஒரு பெண் பிள்ளை. நான் பார்த்துக்கொள்கிறேன் சார் என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். நான் ஷெட் ஆசாமி ஆயிற்றே. எழுந்திரு என்றேன். என்ன தேடினாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பையன்கள் சிரித்தார்கள். அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பினேன்.

மறுநாள் அம்மா வந்தார். எஸ்டேட்டில் துணி கம்பெனியில் வேலை; அரை நாள் பர்மிஷன் போட்டிருந்தார். தலைமை ஆசிரியை அறையில் டீச்சரும் நானும் இருந்தோம். பெண்ணுக்குக் கண்டிப்பு வேண்டும் என்று நான் பேச ஆரம்பித்தேன். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“எனக்கு மார்ல கட்டி மாதிரி கீது சார். ஊட்ல யாருக்கும் தெரியாது, எம் பொண்ணுகிட்ட மட்டும்தான் சொன்னேன். எங்கிட்ட கீறது பட்டன் போனு. இன்னான்னு பாத்துகினு வரேம்மான்னு சொல்லிட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கே சொல்லாத விஷயத்த இங்க சொல்ல வெச்சிட்டீங்களே.”

நான் எழுந்து வெளியே போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரவில்லை என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு அது கௌரவம்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். போன பிறகு ஒரு பக்க மாரை எடுத்துவிட்டார்கள். முன்னாலேயே போயிருந்தால் மிஞ்சியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அதை அளக்கும் கருவி என் ஷெட்டில் இல்லை. பெண் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

பெண்ணின் அப்பா ஆட்களோடு வந்து கேட்டார். நிர்வாகம் கூடியது; கணினி கொடுத்தவன் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அனுமதி இல்லாமல் கணினிகளில் நிரல் ஏற்றினார் என்று எழுதி டீச்சரை அனுப்பிவிட்டார்கள். அனுமதி கொடுத்த நானும் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் முதல் டீ வந்தது. அதைக் குடித்து முடித்தேன்.

கேட்டருகில் டீச்சர் நின்றிருந்தார். “நீங்க ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம் சார்,” என்றார். நான் வண்டி வந்துவிட்டது என்றேன். வண்டி காலையிலிருந்தே அங்கேதான் நின்றது.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவருக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்கவில்லை. இப்போது வானகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறார். போன மாதம் ஒரு வேலையாகப் போனபோது பார்த்தேன். என்னைத் தெரியாதவரைப் போலக் கேட்டார்: “எத்தனை காப்பி சார்?”

கணினி அறை வாசலில் கல்லில் என் பேர் இருக்கிறது. நான் செய்ததற்கெல்லாம் பேர் கேட்டு வாங்கியே பழகியவன், இதற்கும் கேட்கிறேன். ஜன்னலை மூடுகிற ஸ்கிரிப்ட் டீச்சருடையது, அது நல்ல வேலை. பட்டியல் என்னுடையது. பன்னிரண்டும் அணைய வேண்டும் என்றது நான். அவளை எழுந்து நிற்க வைத்தது நான். டீச்சர் மூன்று தரம் தடுத்தார். இதைப் பள்ளிப் பதிவேட்டில் என் பேர் போட்டு எழுதுங்கள். கையெழுத்து நான் போடுகிறேன். டீச்சருக்கு வேறு கடிதம் கொடுங்கள். மலரில் என் போட்டோவோடு இந்தப் பக்கத்தையும் முழுசாகப் போடுங்கள். முடியாதென்றால் போட்டோ வேண்டாம், வாசலில் இருக்கிற கல்லையும் பெயர்த்துவிடுங்கள். பெயர்க்க ஆள் நானே அனுப்புகிறேன்.