கம்பெனி டாக்டர் அறையில் ஒரு கிராணி

எங்கள் ரப்பர் ஆலையில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் வேலை பார்த்தோம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே டாக்டர். வியாழக்கிழமைதோறும் வருவார். சீனர், ஆங்கிலமும் மலாயும் பேசுவார், தமிழ் தெரியாது. அதனால் தமிழ்த் தொழிலாளி யார் உள்ளே போனாலும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டும் என்பது உத்தரவு. இதற்குச் சலுகை என்று பெயர் வேறு. சீனப் பெண்களோடு அவர்களுடைய மேஸ்திரியம்மாள் போவாள். தமிழ்ப் பெண்களுக்கு வாய்த்தவன் மீசைக்காரனான நான்.

கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். வாராவாரம் வெளிறிப்போய் வந்து நிற்பாள். என்ன செய்கிறது என்று நான் கேட்டால், தரையைப் பார்த்துக்கொண்டு, “வயித்து வலி தம்பி” என்பாள். டாக்டர் ஒரு பாட்டில் மருந்து கொடுப்பார். அடுத்த வாரமும் அதே வலி, அதே மருந்து.

எனக்கு எரிச்சலாக வரும். “ஒழுங்கா சொல்லுங்கக்கா, சொன்னாத்தானே அவரு பாப்பாரு” என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். “வேற ஒண்ணுமில்ல தம்பி” என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் வேறு என்று எனக்குப் புரியாமலில்லை. பெண்களுக்கு ஒரு பெண்ணை வையுங்கள் என்று மேனேஜரிடம் மூன்று தடவை கேட்டேன். தமிழ் தெரிந்த நீதான் இருக்கிறாயே என்றார். அவரிடம் பேசியதற்குச் சுவரோடு பேசியிருக்கலாம்.

கடைசியில் பொறுக்க முடியாமல், மேனேஜர் இல்லாத வியாழக்கிழமை ஒன்றில் ஓரளவு மலாய் பேசும் என் மனைவியை அழைத்துப்போய் அக்காவோடு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றேன். பத்தே நிமிடத்தில் டாக்டர் கதவைத் திறந்தார். மாதக்கணக்காக உதிரம் போகிறதாம். கர்ப்பப்பையில் கட்டி போலிருக்கிறது, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் இனி என்ன செய்ய முடியுமோ தெரியாது என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மேனேஜரையும் கம்பெனியையும் அந்த உத்தரவையும் திட்டித் தீர்த்தேன். மனைவி சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்தாள்.

“போதும், விடுங்க. நான் ஒண்ணுமே மொழிபெயர்க்கல. நீங்க உள்ள வரலன்னு தெரிஞ்சதும், அந்தக்கா தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்குற மலாய்லயே எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்க.”